வெள்ளை முடிந்த இடம்

ஸ்ரெல்லா அக்காவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். யாரையாவது திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டிவிட்டு மேலே வாசியுங்கள்.

பளைப் பக்கம் மிதிவெடி எடுக்கும் எங்கள் பெண்கள் அணிக்கு அவர்தான் தலைவி. வயது முப்பத்தெட்டு. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர், தகப்பன் சூசைப்பிள்ளை கரைவலைக்காரர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் விறகுக்குப் பெரிய தட்டுப்பாடு. மிதிவெடி கிடக்கும் காணிகளின் எல்லையில் எச்சரிக்கைக்கு நட்டிருந்த சிவப்புத் தலைத் தடிகளைச் சனம் பிடுங்கி அடுப்பில் வைத்தது. அப்படி யாரோ பிடுங்கிய ஒரு தடி நின்ற இடத்தைத் தாண்டித்தான் அக்காவின் தம்பி அனிஸ்ரன் மாட்டைத் துரத்திக்கொண்டு போனான். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அடுத்த மாதமே அக்கா இந்த வேலைக்கு மனுப் போட்டார். பதினான்கு வருடமாகிறது.

எங்கள் வேலையின் வேதம் சின்னது. சிவப்புத் தலைத் தடிக்கு அப்பால் கால் வைக்காதே. வெள்ளைத் தலைத் தடி நிற்கிற இடம் பார்த்துத் துப்புரவாக்கிய இடம், அதில் நட. வெள்ளை முடிந்தால் நின்ற இடத்திலேயே நில், யாராவது வந்து கூட்டிப் போகும்வரை அசையாதே. மற்றவர்கள் இதை வேலைத்தலத்தில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அக்கா வீட்டுக்கும் கொண்டு போவார். அவருடைய மகள் பிறின்சிக்கு ஒன்பது வயது. அவள் முதலில் படித்த நிறம் சிவப்பு, படித்த முதற் பாடம் அதைக் கண்டால் விலகுவது. பக்கத்து வீட்டுக் கொடியில் சிவப்புச் சேலை காய்ந்தாலும் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை, பிள்ளையோடு அவர் தனியே வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் ஓரம் ஒரு தென்னங்காணி இன்னும் வெடி எடுபடாமல் கிடக்கிறது. எல்லை முழுக்கச் சிவப்புத் தடிகள். ஊர் ஊராகப் போய் நாங்கள் வெடி எடுக்கிறோம், எங்கள் தலைவியின் பிள்ளை அந்தத் தடிகளுக்குப் பக்கத்தால் பள்ளிக்கூடம் போகிறது. கேட்டால் அடுத்த வருடத் திட்டத்தில் இருக்கிறதாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி என் கூத்துக்கு வருகிறேன். என் தாத்தா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளிநொச்சிக்கு ஓடி வந்தவர். நான் மலையைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் மலை எனக்குச் சொந்தம் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவால் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு அருவி பார்த்த மாதிரிக் கதைக்காதீர்கள், உண்மையான அருவி காட்டுக்குள் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்று அடித்துவிட்டேன். அக்காவுக்கு விருப்பமில்லை. தெரியாத காட்டுக்குள் எதற்கு என்றார். பிறின்சி அழுதாள். அதுதான் அவரை நாங்கள் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏற்றியது.

அருவியின் பெயரைச் சொல்லமாட்டேன். மாத்தளைப் பக்கம் என்பது போதும். அடிவாரத்தில் ராக்காயி என்று ஒரு அம்மா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தா. எங்கள் ஏழு பேருக்கும் இஞ்சித் தேத்தண்ணி தந்துவிட்டு வழி சொன்னா.

"பாறையில எல்லாம் சிவப்புப் பொட்டு வச்சிருக்காங்க. அதயே பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. அத விட்டா பாத கிடையாது."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்கள் அணி அனோஜாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பதினான்கு வருடம் சிவப்பைக் கண்டால் பின்வாங்கிச் சம்பளம் வாங்கியவர்களிடம் போய்ச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு போ என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஸ்ரெல்லா அக்காவும் சிரித்தார். அந்த நேரம் பிறின்சி வானுக்குள் நித்திரை. அவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பிள்ளையை எழுப்பிச் சப்பாத்து மாட்டிவிட்டவளே நான்தான்.

ஏறத் தொடங்கினோம். முதல் பொட்டைத் தாண்டும்போது என் உள்ளங்கால் கூசியது, பொய் சொல்லவில்லை. பத்துப் பொட்டுத் தாண்டியதும் பழகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் வருத்தம், ஏறினால் வலிக்கும். வருடக்கணக்காக முழங்காலில் நின்று மண் சுரண்டியதன் பரிசு அது. அவரோடு நான் பின்னால் வந்தேன், மற்றவர்கள் முன்னால் போனார்கள். பிறின்சி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் என்று நாங்கள் நினைத்தோம். பின்னால் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அருவி அழகுதான். அதை எழுத இப்போது எனக்கு மனமில்லை. அக்காவும் நானும் போய்ச் சேர்ந்தபோது அனோஜா ஆட்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். வேலைத்தலத்தில் செய்கிற பழக்கத்தில் அக்கா ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிள்ளை இல்லை.

ஈர உடுப்போடு எல்லோரும் வந்த பாதையால் திரும்பி ஓடினார்கள். பெயரைச் சொல்லிக் கத்தினோம். அருவிச் சத்தம் எங்கள் குரலைப் பத்தடிக்கு அப்பால் போகவிடவில்லை. அருவி விழும் குளத்துக்குள் பார்க்க வேண்டுமோ என்று யாரோ ஒருத்தி கேட்டாள். அவளை அறைந்திருப்பேன்.

அக்கா ஓடவில்லை, கத்தவுமில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வந்து நின்றார். வலப்பக்கப் பாறையில் கையகலச் சிவப்புப் பொட்டு. இடப்பக்கம் ஒரு மரத்தில் வெள்ளைக் கோடு, யாரோ எதற்கோ முன்னொரு காலம் பூசிவிட்டுப் போனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்திலும் வெள்ளை. கீழே தனித்தனியாக இருந்த சிவப்புப் பொட்டுகளைப் பிள்ளை கவனிக்காமல் ஓடி வந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு நிறமும் முகத்துக்கு நேரே இருந்தன.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவள் சிவப்புக்குள்ள போகமாட்டாள், நிசாந்தினி. நான்தானே படிப்பிச்சனான்."

வெள்ளையைப் பிடித்துக்கொண்டு போனோம். ஏழாவது கோட்டுக்குப் பிறகு பற்றை விலகி வெளிச்சம் வந்தது. அருவிச் சத்தம் இப்போது காலுக்குக் கீழே கேட்டது. எட்டாவது கோடு கடைசி மரத்தில் இருந்தது. மரத்துக்கு அப்பால் பாசி பிடித்த சரிவுப் பாறை. அதில் பிறின்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு காலும் ஒட்டி, இரண்டு கையும் பக்கத்தில். அவளுக்கு முன்னால் ஓரடி பாறை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. குளிக்க வந்தவர்கள் அருவிக்கரையில் போட்டுவிட்டு ஓடிய துவாய்கள் மிகவும் கீழே தெரிந்தன.

கத்தப் போன என் வாயை அக்கா கையால் பொத்தினார். பிறகு முழங்காலில் இறங்கினார். வருத்தமென்று சொன்ன அதே முழங்கால். உள்ளங்கையால் பாறையைத் தடவி, பாசியை நகத்தால் சுரண்டி, அழுத்திப் பார்த்து, ஒரு சாண் முன்னால் போனார். மறுபடி தடவினார். அவர் வேலை செய்வதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்க்கப் பயந்தேன்.

"பிறின்சி, அம்மா பின்னால வாறன். திரும்பாதை."

"ஓம்," என்றாள் பிள்ளை.

பத்தடி தூரத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாரென்று தெரியாது. பிள்ளையின் கணுக்காலை ஒரு கை பிடித்தது, பிறகு பாவாடையை மற்றக் கை. இருவரும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது அக்காவின் நகங்களுக்குள் பச்சையும் இரத்தமும் இருந்தன. பிறின்சி அழவேயில்லை. கெட்டித்தனமாக ஒன்று செய்த பிள்ளையின் முகம் அவளுக்கு.

"வெள்ளை முடிஞ்சுது அம்மா. அதான் நிண்டனான்."

அக்கா பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். பிள்ளையை அந்த விளிம்பு வரை கூட்டிக்கொண்டு போனதும் அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தான். விளிம்பில் நிறுத்தி வைத்ததும் அதே பாடம்தான். இதற்கு அழுவதா, ஆண்டவருக்கு நன்றி சொல்வதா? எனக்கும் விளங்கவில்லை.

பாதை பிரிகிற இடத்துக்குத் திரும்பி வந்தோம், தேடிப் போன மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கீழே இறங்கும் பாதையில் முதலிலேயே சிவப்புப் பொட்டு வைத்த பாறை ஒன்றைக் கடக்க வேண்டும். பிறின்சி நின்றுவிட்டாள். தூக்கப் போனேன், உதறினாள். அது வெறும் பெயின்ற் என்று அக்கா சொன்னார். பிள்ளை நம்பவில்லை, அப்படியென்றால் நீங்கள் முதலில் போங்கோ என்றாள். அக்கா காலைத் தூக்கினார். கால் பொட்டுக்கு மேலே போய் நின்றது, இறங்கவில்லை. இத்தனை பொட்டுகளுக்குப் பக்கத்தால் ஏறி வந்தவர்தான், ஆனால் ஒன்றின்மேலும் மிதிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். மற்றக் காலையும் வைத்தார்.

"பார். ஒண்டும் இல்லை."

பிறின்சி அம்மாவையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானும் ஒரு காலை வைத்தாள். சிரித்தாள். அடிவாரம் வரைக்கும் பொட்டுக்குப் பொட்டு பாய்ந்து பாய்ந்து இறங்கினாள். நாங்கள் கை தட்டினோம். மூளை கெட்டவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து கை தட்டினோம்.

அன்றிரவு வவுனியாவில் தங்கி, மறுநாள் மத்தியானம் பரந்தனைத் தாண்டினோம். ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியாக வான் அக்காவின் ஒழுங்கைக்குள் திரும்பியது. நான் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வான்காரரோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். பிறின்சி மற்றக் கதவால் இறங்கிவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் தென்னங்காணியை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து போய்க்கொண்டிருந்தாள். மலையில் பாய்ந்த அதே பாய்ச்சல். முதலாவது சிவப்புத் தடிக்கு இன்னும் நாலடி.

"நில்!"

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிள்ளை நின்றாள். இரண்டு காலும் ஒட்டி, இரண்டு கையும் பக்கத்தில். தலையை மட்டும் திருப்பினாள்.

"இது எந்தச் சிவப்பு, அம்மா?"

ஸ்ரெல்லா அக்கா ஒழுங்கை மண்ணில் அப்படியே குந்திவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். முதல் வேலையாக மேலதிகாரியிடம் போய் அந்தத் தென்னங்காணியை இந்த வருடமே எடுக்கச் சொல்லி மன்றாடினார். நாங்களும் கூட நின்றோம். பார்க்கலாம் என்றார்கள். இப்போது காலையும் மாலையும் பிறின்சியைக் கையில் பிடித்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை கையை இழுக்கிறாள். அக்கா விடுவதில்லை.