காணாத பொருளின் எடை

அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவள் நான். மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதியதை இன்னொருவர் தப்பும் தவறுமாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த சமயம் என்பதால், ஊருக்கே வானத்தின் மேல் ஆசை வந்திருந்தது. உள்ளூர் அறிவியல் மன்றத்தார், ஈர்ப்பு விசையைப் பற்றிய புதிய ஆராய்ச்சிகளை எளிய தமிழில் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். இரண்டு மாதம், சனிக்கிழமைதோறும் வேலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் ஆங்கில இதழ்களைப் படித்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினேன்.

என்னை ஆட்டிவைத்த செய்தி ஒன்று அந்த நோட்டில் இருந்தது. சூரியனுக்கு அருகில் இருக்கும் கோள் வேகமாகச் சுற்றும். தொலைவில் இருப்பது மெதுவாகச் சுற்றும். தூரம் கூடினால் ஈர்ப்பின் பிடி தளரும் என்பதுதான் காரணம். கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த மண்டலங்களிலும் விளிம்பில் இருப்பவை மெதுவாகத்தான் சுற்றும் என்று எதிர்பார்த்தார்கள். அளந்து பார்த்தால், அவையும் உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காத வேகத்தில் ஓடின. அந்த வேகத்துக்கு அவை என்றைக்கோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது எந்தத் தொலைநோக்கியிலும் தெரியவில்லை.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு மன்றச் செயலாளர் பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வெளியூர்லேந்து பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. ஒரு லேடி பேசுனா எடுபடாதுன்னு கமிட்டியில சொல்றாங்க. நோட்ட குடுங்க, காலேஜ் புரொபசர் ஒருத்தர் வராரு, அவரு பேசிடுவாரு."

கொடுத்துவிட்டேன். அவர் கேட்டதைவிட, நான் கொடுத்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிறு பிற்பகல், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபத்தில் கூட்டம். பேராசிரியர் என் பெயரைச் சொல்லவில்லை. நோட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: பூமியை விட்டு மேலே போய்விட்டால் ஈர்ப்பே கிடையாதாம், அதனால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்களாம். அந்த உயரத்திலும் ஈர்ப்பின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கலமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏராளமாக இருக்கிறது" என்று அவர் படித்தபோது, பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் வேலை செய்பவர், நாற்பது வயதிருக்கும். பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன்.

"சார், கண்ணுக்கே தெரிலன்றீங்க. அப்பறம் அது இருக்குதுன்னு எப்டிங்க கண்டுபுடிச்சாங்க?"

மண்டபம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார்.

"இதெல்லாம் பெரிய கணக்கும்மா. உனக்குப் புரியாது. உக்காரு."

"புரியுதா இல்லியான்றது அப்பறங்க. சொல்லித்தான் பாருங்களேன்."

"இன்னாம்மா பேஜார் பண்ணிகினு கீற? ஜல்தி உக்காரு!" என்றது முன்வரிசைக் குரல் ஒன்று. அந்தப் பெண் உட்கார்ந்தார்.

அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. உலகத்தின் பெரிய ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. எப்படி மேடைக்குப் போனேன் என்று நினைவில்லை. மேசையில் மரியாதைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். பேராசிரியருக்குப் போட்ட பூமாலையிலிருந்து வாழைநாரை உருவிப் பழத்தைக் கட்டினேன்.

"அம்மா, இங்க பாருங்க" என்று தலைக்கு மேல் சுற்றினேன். "மெதுவா சுத்தும்போது லேசா புடிச்சா போதும். வேகமா சுத்தினா?"

"இறுக்கிப் புடிக்கணும்" என்றார் அவர், உட்கார்ந்தபடியே.

"நாரும் என் கையும் உங்க கண்ணுக்குத் தெரியலன்னு வெச்சுக்குங்க. பழம் போற வேகத்த வெச்சே, எவ்ளோ பலமா புடிச்சிருக்குன்னு சொல்லிடலாம் இல்லயா? விண்மீன்களப் புடிச்சிருக்கிறது ஈர்ப்பு. எவ்ளோ ஈர்ப்பு வேணும்னு தெரிஞ்சா, எவ்ளோ பொருள் வேணும்னு கணக்குப் போடலாம். கண்ணுக்குத் தெரியற பொருள் அதுக்குப் போதல."

"அப்ப அது இன்னாது டீச்சர்?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. ஒருவேளை ஈர்ப்பு விதியிலயே நமக்குப் புரியாதது ஏதாவது இருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு."

பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "தெரியாததையெல்லாம் மேடையில சொல்லக் கூடாதும்மா. சயின்ஸ் மேல ஜனங்களுக்கு மரியாதை போயிடும்."

"தெரிஞ்ச மாதிரி நடிச்சாதான் சார் போகும். விண்வெளியில ஈர்ப்பு இல்லன்னு நீங்க சொன்னதும் தப்பு."

சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாளே பள்ளியில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். பொது மேடையில் பெரியவரை அவமதித்தேனாம். 'விண்வெளியிலும் ஈர்ப்பு உண்டு' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை அதைப் படித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார், கோப்பில் செருகி வைத்தார். என் நோட்டு திரும்பி வரவே இல்லை. மன்றத்தின் ஆண்டு மலரில் அது பேராசிரியர் பெயரில் கட்டுரையாக வந்தது. நான் அவசரத்தில் செய்திருந்த ஓர் எழுத்துப்பிழைகூட மாறாமல் அச்சாகியிருந்தது. மலரைத் தூக்கிக்கொண்டு போய்ச் செயலாளரிடம் கேட்டேன். "ஊருக்குத்தானே நல்லது டீச்சர்" என்றார். அதன் பிறகு அந்த மன்றத்தின் வாசலை நான் மிதிக்கவில்லை.

சில வாரம் கழித்து, மதிய இடைவேளையில், கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண் பள்ளிக்கு வந்தார். பட்டறையில் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றார். "நான் சொன்னா சிரிக்கிறாளுங்க டீச்சர். நீங்களே வாங்க."

அடுத்த சனிக்கிழமை போனேன். இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பதினான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"அந்தப் பொருளு இங்கியும் கீதா டீச்சர், நம்பள சுத்தி?"

"இருக்கலாம். நம்மள ஊடுருவியே போய்க்கினு இருக்கலாம்."

"நம்ப மேல படாதா?"

"பட்டா நமக்குத் தெரியணும். இதுவரைக்கும் தெரியல."

அரை மணி நேரத்தில் ஒன்பது கேள்விகள். நான்குக்குத் தெரியாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து இருமினார். இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அந்த இரைச்சலிலும் ஒருவர் என் காதருகே வந்து பத்தாவது கேள்வியைக் கேட்டார்.