ஆரோக்கியம் திரும்ப எடுத்துக்கொண்டது

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் சுமா கூப்பிட்டு, தன் ஸ்க்ரீனைக் காட்டினாள்.

"ஸார், இது தமிழா? ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க."

சுமா எங்கள் டீமில் சீனியர். மைசூர்க்காரி. நாங்கள் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜுக்கு, அதாவது வெளியே யாரோ எழுதிய புரோகிராமுக்கு, புது வெர்ஷன் வந்திருந்தது. எதை நீக்கியிருக்கிறார்கள், எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்கிய வரிகள் சிவப்பில் இருந்தன. அவற்றில் இரண்டு, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். புரோகிராமுக்கு நடுவே எழுதியவர் தனக்காகப் போட்டுவைத்த குறிப்புகள்.

மாலூரில் சீட் கிடைத்தது. இனி உட்கார்ந்து யோசிக்கலாம்.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று... கோரமண்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது. மீதி நாளைக்கு.

வாசித்துச் சொன்னேன். சுமா சிரித்தாள். "அய்யோ பாவம்... யார் ஸார் இவரு?"

எனக்குத் தெரியும். ஆனால் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அவன் ஆரோக்கியம். எங்கள் இருவருக்கும் ஒரே ஆபீஸில்தான் முதல் வேலை. பெங்களூர் அடுகோடியில் கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் ஆபீஸ். நான் பொம்மனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவன் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில்; மாலூர் வழியில் வரும், கோரமண்டல் அவன் ஊர் ஸ்டேஷன். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், சாயந்திரம் இன்னொரு இரண்டு. அவன் அப்பா யோசேப்பு, சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை செய்தவர். சுரங்கம் மூடிவிட்டது, அதன் தூசி மட்டும் அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அடிக்கடி ஆஸ்பத்திரி.

ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி கார்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டான். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் பெயரை நறுக்கியிருந்தது. ஒரு வரியின் கடைசியில் வெறும் 'ய'. அடுத்த வரியில் புள்ளி வட்டம் ஒன்று, அதைச் சுற்றிக் கொம்பும் காலும், அப்புறம் 'சேப்பு'.

"முப்பது வருஷம் பூமிக்கு அடியில வேலை செஞ்ச மனுஷன்டா. பேரையாவது ஒழுங்கா போடக் கூடாதா?"

அன்றைக்கு ரயிலில் எழுத ஆரம்பித்தான். தமிழ், கன்னடப் பெயர்களை எழுத்து உடையாமல் மடக்கும் ஒரு சின்ன புரோகிராம். மூன்று வாரத்தில் முடித்தான். அதை ஒரு பேக்கேஜாக்கி ரெஜிஸ்ட்ரியில் போட்டான். ரெஜிஸ்ட்ரி என்றால் ஒரு பொதுக் கிடங்கு மாதிரி. யார் வேண்டுமானாலும் தான் எழுதியதை அங்கே வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இலவசம்.

எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கப் பக்கம் நான் எழுதியது. 'சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்ததும் நான்தான்.

கேட்டார்கள். தயங்காமல் கேட்டார்கள்!

முதலில் நன்றி சொல்லி வந்தார்கள். ஒரு ஸ்கூல், ஒரு கூரியர் கம்பெனி... ஒவ்வொன்று வரும்போதும் ஆரோக்கியம் என் தோளைத் தட்டுவான். "மச்சி, பாத்தியா?" பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்துவான். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோளில் அந்த அடி விழுகிறது.

பிறகு நான் வேறு கம்பெனிக்குப் போனேன். அங்கேயும் அவன் பேக்கேஜ்தான். அவனோடு பேசுவது குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. வேலை, கல்யாணம், ட்ராஃபிக்... பெங்களூரில் நட்பு தேய இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ரெஜிஸ்ட்ரியில் அவன் பக்கத்தை மட்டும் அவ்வப்போது பார்ப்பேன். அங்கே குரல் மாறிக்கொண்டிருந்தது. 'இது எப்போது சரியாகும்?' 'எங்கள் வேலை நின்றுவிட்டது, பதில் சொல்லவும்.' 'பொறுப்பில்லாதவர்கள் ஏன் வெளியிடுகிறார்கள்?' காசு கொடுக்காதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். நான் எதற்கும் பதில் எழுதவில்லை. அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் பார்த்துக்கொள்ளவில்லை. சில மாதங்கள் ஒரு பதிலும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸில் எல்லாம் நின்றுபோனது. ஒரு ஸ்கூலுக்கு இரண்டாயிரம் ஐடி கார்டு அடிக்க வேண்டும். பேக்கேஜைத் தேடினால் - இல்லை. ஆரோக்கியம் ரெஜிஸ்ட்ரியிலிருந்து அதை எடுத்துவிட்டான்.

எங்களுக்கு மட்டுமா? ஆஸ்பத்திரி டோக்கன், பஸ் பாஸ் என்று எங்கெங்கோ நின்றது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டோக்கன் வராமல் வரிசையில் நின்ற நோயாளி யாருக்கு என்ன துரோகம் செய்தார்? மதியத்துக்குள் ஒரு பொதுக் கடிதம் சுற்றுக்கு வந்தது. 'பேக்கேஜைத் திரும்ப வையுங்கள், பொறுப்பை வேறு ஆட்களிடம் கொடுங்கள்' என்று ரெஜிஸ்ட்ரிக்குக் கோரிக்கை. மேனேஜர் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்து வரியில் காரணம் எழுதி, முழுப் பெயரோடு போட்டேன்.

போனில் அவன் நம்பர் இருந்தது. கூப்பிடவில்லை.

சாயந்திரமே பேக்கேஜ் திரும்பிவிட்டது. வேறு இரண்டு பேர் பொறுப்பேற்றார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ஆரோக்கியம் பெயர் இல்லை. எங்கள் ஆபீஸில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதெல்லாம் நடந்து நான்கு வருஷம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்க்க வரலாமா என்று கேட்டேன். காக்ஸ் டவுனில் குடியிருப்பதாகச் சொல்லி, அட்ரஸ் அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவன் வீடு திரும்பும் நேரத்துக்குப் போனேன். கதவைத் திறந்தான். தலை நரைத்திருந்தது.

"வாங்க. உக்காருங்க."

'வாங்க'வாம். அந்த ஒரு 'ங்க'வில் நான் பாதி செத்தேன்.

சுவரில் அவன் அப்பா படம், மாலையோடு. எனக்குத் தெரியாது. எப்போது என்று கேட்டேன். சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்... நான் கையெழுத்துப் போட்ட திங்கட்கிழமைக்கு நான்கு நாள் முன்னால்.

"ஆறு மாசம் ஆஸ்பத்திரியிலதான் இருந்தோம். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அப்பாவை மண்ணுல வெச்சிட்டு வந்து, மனசு எங்கயாவது போகட்டும்னு திறந்தேன். நூத்திச் சொச்சம் மெசேஜ். மேல இருந்தது ஒரே ஒரு வரி."

"என்ன?"

"'இது செத்துப்போச்சா?'ன்னு கேட்டிருந்தாங்க."

அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வரியை எழுதியவனுக்கு இவன் வீட்டுச் செய்தி தெரியாது. பேக்கேஜைப் பற்றித்தான் கேட்டான். அந்தத் தொழிலில் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான் அது.

"ஆமா, செத்துப்போச்சுன்னு எடுத்துட்டேன். தப்புதான். யார் யாருக்கோ கஷ்டமாயிருக்கும். அவங்க திரும்ப வெச்சதையும் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த லெட்டர்ல உன் பேரைப் பாத்தேன்டா."

'ங்க' போய்விட்டது. அதற்குச் சந்தோஷப்படவா முடியும்?

"கையெழுத்துப் போட்டதுக்குக்கூட இல்ல. உனக்கு என் நம்பர் தெரியும். என்னடா ஆச்சுன்னு நீ ஒருத்தன் கேட்டிருந்தா நானே திரும்ப வெச்சிருப்பேன்."

மன்னிச்சிடு என்றேன். அவன் காபியை நகர்த்தி வைத்தான். "ஆறிடப் போகுது."

இப்போது எதுவும் எழுதுவதில்லையா என்று கேட்டேன். எழுதுகிறானாம். சர்ச் ஆபீஸில் ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட் அடிக்க ஒரு புரோகிராம். ரெஜிஸ்ட்ரி எல்லாம் கிடையாது. ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

"யூசர் எத்தனை பேர்?"

"ஒருத்தங்க. ஃபிலோமினா டீச்சர். ஏதாவது கோளாறுன்னா நேரா வீட்டுக்கே வந்து திட்டுவாங்க. திட்டிட்டு, எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க."

முதல் தடவையாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஃபிலோமினா டீச்சர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்ப நாம் சேர்ந்து ஏதாவது எழுதலாமா என்று கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் அதுவும் இன்னொரு யூசரின் கோரிக்கை மாதிரிதானே இருக்கும்? பஸ் ஸ்டாப்வரை வந்து வழியனுப்பினான். பஸ் வரும்வரை இருவரும் ட்ராஃபிக் பற்றிப் பேசினோம்.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பது நமக்கு எப்போது நினைவு வருகிறது? அவன் நிறுத்தும்போதுதான். அதுவும், நிறுத்திவிட்டானே என்ற கோபமாகத்தான்.

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. முதலில் அவனுக்கு அனுப்பினேன். போடலாமா என்று கேட்டேன். ஒன்றரை நாள் பதில் இல்லை. அப்புறம் வந்தது: 'போடு. பேரை மட்டும் மாத்திடு.'

மாற்றிவிட்டேன். ஆரோக்கியம் அவன் பெயர் இல்லை. நான் கூப்பிடும் பெயர் வேறு... அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அதைச் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.