இன்னும் கம்பைல் ஆகாத நிலா

காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தம்பியின் கம்ப்யூட்டரைப் போட்டேன். விசைத்தறிக் கணக்குக்காக அவன் வாங்கியது. நாளை அவனுடைய அரக்கோணம் ஆபீசுக்குப் போகிறது.

அதற்குள், ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிய புரோகிராமை கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றியாக வேண்டும். திருத்தணியில் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். மூன்று வாரமாகத் தட்டியது.

திரை முழுக்கப் பிழை.

தம்பி காபியோடு வந்து எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, மெஷின் உன்ன திட்டிக்கினு கீதா?"

"ஆங், உன்ன மாதிரியே."

"நிலா வந்துச்சான்னு மாடிக்குப் போனா தெரியப்போவுது. இதுக்கு ஒரு புரோகிராமா? பாவாகூட சிரிக்கிறாரு." பாவா என்று அவன் சொல்வது என் வீட்டுக்காரரை.

"சிரிச்சிக்கினு இருக்கட்டும். கணக்கு டீச்சர் நானு, உங்க பாவா இல்ல."

அவன் போன பிறகுதான் தவறு பிடிபட்டது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை, எல்லா வரியையும் இடது ஓரத்தை ஒட்டியே அடித்திருக்கிறது. ஃபோர்ட்ரானில் முதல் ஆறு இடத்தைக் காலியாக விட வேண்டும்.

மத்தியானம்வரை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தள்ளினேன். மூன்றே பிழைகள் மிச்சம். அவைதான் அசையவில்லை.

சாயங்காலம் தம்பி, "காலைல ஆறுக்கு வேன் வந்துடும்க்கா, எடுத்து வெச்சிடு" என்றான். சரி என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஃபோர்ட்ரான் தெரிந்தவர்கள் கேலி செய்துவிட்டாவது பதில் எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதி வைத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளை அந்த வேனில் நானும் ஏறுகிறேன். அரக்கோணத்தில் ஒயரை மாட்டியதும் அதன்முன் முதலில் உட்காரப்போவது நான்தான்.