மீன் சின்னத்தில் நான்

இந்தத் தடவை கல்கத்தாவில், பெஹாலாவில் ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்தவர் சந்தைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். பையிலிருந்து மீன் வால் எட்டிப் பார்த்தது. எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, அந்த வாசனையில் நான் மட்டும் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

எங்கள் ரீனா மிஸ் ஒரு விளையாட்டுத் தேர்தல் வைத்தார். வகுப்புத் தலைவியைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னத்துக்குச் சீட்டு எடுத்தோம். என்னை எதிர்த்து நின்ற தும்பாவுக்குக் குடை. தயிர்சாத வீட்டுப் பெண்ணான எனக்கு மீன். எனக்கோ ஜெயித்தே ஆகவேண்டும். அந்த வகுப்பில் நான் வெறும் 'மெட்ராஸி'. தலைவியாகிவிட்டால் பெயர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்?

அன்று மாலையே சுவரொட்டி வரைந்தேன். மறுநாள் வகுப்பே சிரித்தது. "இது மாச் இல்ல, பொட்டோல்" என்றாள் தும்பா. மாச் என்றால் மீன்; பொட்டோல் என்பது நம் கோவைக்காய்க்குப் பெரியண்ணன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மீனைக் கிட்டத்தில் பார்த்தே இராத நான், செதிலை விட்டுவிட்டுக் கண்ணுக்கு இமைமயிர் வைத்திருந்தேன்.

"வேற சின்னம் கேட்டு வாங்கிக்கோயேன்டி" என்றாள் அம்மா.

"மாட்டேன். பயந்துட்டேன்னு சொல்லுவா."

துறைமுக ஆபீசில் வேலைபார்த்த அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "கெளம்பு. பாத்துண்டு வந்துடலாம்."

கரியாஹாட் மீன் கடைப் பக்கம் அப்பா அதுவரை தலைவைத்துப் படுத்ததில்லை. மூக்கில் கைக்குட்டையோடு என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரிய அரிவாள்மணை முன் உட்கார்ந்திருந்த மீன்காரர், "முழுசா வேணுமா தாதா, வெட்டித் தரவா?" என்று பெங்காலியில் கேட்டார்.

"வாங்க வரல. கொழந்தை எலக்ஷன்ல நிக்கறா. மீன் பாக்கணுமாம்" என்று தனக்குத் தெரிந்த பெங்காலியில் சொன்னார் அப்பா.

மீன்காரர் சிரிக்கவில்லை. ஒரு ரோகு மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "நல்லாப் பாத்துக்கோ மா" என்றார். நான் செதில் செதிலாக வரைந்து முடிக்கும்வரை அப்பா நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தார்.

இவ்வளவு செய்தும் குடைதான் ஜெயித்தது. மழை எப்போது வரும் என்று ஊரே ஏங்கிக் கிடந்த மாதம் அது. விரலில் மிஸ் வைத்த நீல மை காய்வதற்குள் அவரிடமே போய் நின்றேன். "அடுத்த வருஷமும் நிப்பேன் மிஸ். எனக்கு மீனே வேணும்." அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அடுத்த வருஷம் ரீனா மிஸ் இல்லை, தேர்தலும் இல்லை. பிறகு பள்ளியும் போய், அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. தும்பா எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியாது. இன்றைக்கு அந்தத் தேர்தலை அறிவித்தாலும் நான் நிற்பேன். கூட வந்து நிற்க அப்பாதான் இல்லை.