ஒன்றும் நடக்காத நாளில் தேறினேன்

போடியில் தேனி ரோட்டில் இருக்கும் ஒரு கார் ஷோரூமில் நான் சர்வீஸ் மேனேஜராக இருக்கிறேன். இப்படி எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

பி.காம் முடித்ததும் அங்கே வரவேற்பு மேசையில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது, தண்ணீர் கொடுக்கச் சொல்வது, போன் எடுப்பது. சில வருஷத்தில் சர்வீஸ் அட்வைசர் ஆனேன். வண்டியை சர்வீசுக்கு விட வருகிறவரிடம் என்ன குறை என்று கேட்டு ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லி, வேலை முடிந்ததும் விளக்கிச் சாவியைக் கொடுக்கும் வேலை அது. எங்களிடம் வருகிற கார்களில் பாதி மலையில் ஓடுகிறவை. பின் சீட்டில் ஏலக்காய் மூட்டை வைத்து ஏலத்துக்கு வந்த காரைத் திறந்தால் ஏசி ஃபில்டர் வரைக்கும் மணக்கும். போடிமெட்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே தேய்த்திருப்பார்கள். "சத்தம் வருது" என்று மட்டும் சொல்வார்கள். எங்கே, எப்போது, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனபோது அந்த இடம் காலியானது. டீலர்ஷிப்பில் மேனேஜராக வருகிறவர்கள் அதற்கென்று இருக்கும் மேலாண்மைச் சான்றிதழ் படித்திருக்க வேண்டும் என்று கம்பெனி விதி வைத்திருந்தது. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். நான் பெயர் கொடுத்தேன்.

சேல்ஸ் மேனேஜர் என் மேசைப் பக்கம் வந்து, "அது மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு உள்ளது மேடம். உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்.

வாரத்தில் சில சாயங்காலம் போனில் வகுப்பு. மாதம் ஒருமுறை மதுரையில் நேரில். திண்டுக்கல், சிவகாசி, ராமநாதபுரம் என்று பல ஊர் ஷோரூம்களிலிருந்து வந்திருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பை நடத்துவது, ஆட்களை நடத்துவது, லாப நஷ்டக் கணக்கைப் படிப்பது, கோபமாக வருகிற வாடிக்கையாளரைக் கையாள்வது என்று பாடங்கள். என் வீட்டுக்காரருக்கு ராசிங்காபுரத்தில் விவசாயம். வகுப்பு நாட்களில் அவர்தான் தோசை ஊற்றுவார். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதைப் பார்த்து, "சட்னி நல்லாருக்குன்னு ஆட்டுறியா, பாடம் புரிஞ்சு ஆட்டுறியா?" என்பார்.

எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் நல்ல மார்க். கடைசிப் பகுதி மட்டும் வேறு மாதிரி. மதிப்பீட்டாளர் ஒருவர் நாம் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து, ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்ப்பார். அந்த நாள் ஒர்க்‌ஷாப் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

மதுரையிலிருந்து வந்தவர் என்னைவிட வயதில் சின்னப் பெண். பருத்திச் சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. "நான் இருக்குறதையே மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எப்படி மறப்பது?

அன்றைக்குப் பார்த்து ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள். வெளியே ரோடெல்லாம் ஜீப்பு. காலையில் ஒரு பெரியவர் மனைவியுடன் வந்தார். மலைக்கு மேலே, கேரளாவில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறது என்று காரை முந்தின நாளே விட்டிருந்தார். முன் சக்கரத்து டிஸ்க் மாற்ற வேண்டும், மறுநாள் காலையில் தந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தோம். தம்பி மகளுக்கு அன்று மலையில் நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டுகளுக்கு உள்ளதெல்லாம் போடி கடைத்தெருவில் வாங்கிக் கூடைகளோடு வந்து நின்றார்கள்.

டிஸ்க் வரவில்லை. மதுரை டிப்போவிலிருந்து வருகிற லோடில் அது ஏறவே இல்லை.

"வண்டிய விட்டப்ப இருந்த மாதிரியே குடுங்க மோளே. பையப் போயிக்கிடுறேன். நாளைக்குக் கொண்டாந்து விடுறேன்" என்றார் பெரியவர்.

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் ஷோரூம் திறந்த நாளிலிருந்து இருப்பவர். காலையில் அவரே அந்தக் காரை மலையடிவாரத்து முந்தல் தாண்டிச் சில வளைவு ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இறக்கத்துல மிதி அமுங்கிப் போகுதும்மா. இத மலைக்கு விட்டா நமக்குத் தூக்கம் வராது" என்றார்.

பெரியவரிடம் போய் நின்றேன். "சார், இந்த வண்டியில உங்கள அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"எம் வண்டிய நீ தர மாட்டேன்னா எப்படி?" அவர் குரல் உயர்ந்தது. அந்த அம்மா கண் கலங்கிக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஷோரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இருந்தவரும்தான்.

"உங்கள நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குறது எம் பொறுப்பு சார். கொஞ்ச நேரம் குடுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஒன்றும் இல்லை.

வாசலில் டெமோ வண்டி நின்றது. வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் புது வண்டி. அது சேல்ஸ் மேனேஜரின் பொறுப்பு. கேட்டதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "பதினோரு மணிக்கு ஒருத்தர் டெஸ்ட் டிரைவுக்கு வர்றார் மேடம். அவரு கை நழுவிப் போனா யாரு பதில் சொல்றது?"

"அவரு சாயங்காலம் வர்றேன்னு சொன்னா வண்டியத் தருவீங்களா சார்?"

"அவரு எதுக்குச் சொல்லப் போறாரு?"

நம்பரை வாங்கி நானே பேசினேன். சின்னமனூரில் உரக்கடை வைத்திருப்பவர். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிரேக் சரியில்லன்னு வண்டியவே குடுக்க மாட்டேங்கிறீங்களா? நல்ல கடையாத்தான் இருக்கு. அஞ்சு மணிக்கு வர்றேம்மா."

சேல்ஸ் மேனேஜர் மறுபேச்சு பேசாமல் சாவியை நீட்டினார். எங்கள் டிரைவரை வைத்து அனுப்பினோம். கூடைகளை டிக்கியில் ஏற்றியபோது பெரியவர் என் முகத்தைப் பார்க்காமலே, "சாரமில்ல" என்றார், பரவாயில்லை என்பதை மலையாளத்தில். கோபம் முழுக்கத் தீரவில்லை, ஆனால் பாதி இறங்கியிருந்தது.

டிரைவர் மத்தியானம் போன் செய்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அஞ்சு மணிக்கு உரக்கடைக்காரர் சொன்னபடி வந்து டெமோ வண்டியை ஓட்டிப் பார்த்தார். என் கால் தரையில் பாவவில்லை. பாஸ் என்ன, பாராட்டே வரும் என்று நினைத்துக்கொண்டு மதிப்பீட்டாளரின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாச் சமாளிச்சீங்க. அந்தப் போன் பேசினது ரொம்பப் புடிச்சது" என்று ஆரம்பித்தார். பிறகு கேட்டார்: "டிஸ்க் லோடுல ஏறலைன்னு உங்க ஸ்பேர்ஸ் பிரிவுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலமே தெரியும் மேடம்."

"உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலையில."

"அவங்க நேத்தே சொல்லியிருந்தா?"

நேற்றே பெரியவருக்குப் போன் போட்டிருப்பேன். அவர் வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்திருப்பார். அந்த அம்மா கண் கலங்கி நின்றிருக்க வேண்டாம். இதெல்லாம் என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"யாரு யாருக்குச் சொல்லணும்னு இங்க ஏற்பாடு எதுவும் இல்ல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலைய நல்லாத்தான் பாக்குறாங்க. இப்படி ஒரு நாள் வராமப் பாத்துக்கிடுறதுதான் மேனேஜர் வேலை. இன்னைக்கு உங்களத் தேறினதாப் போட முடியலை. திரும்ப வர்றேன்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டி அனுப்பி வைத்தேன். உள்ளுக்குள் கொதித்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே அம்மாவிடம் போனேன். அம்மா இப்போதும் தினம் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டியா ஆத்தா?"

"இல்லம்மா. பிரச்சினை வந்தாச் சமாளிக்கிறது பத்தாதாம். ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிடணுமாம். அதப் பாக்கத் திரும்ப வர்றாங்களாம்."

அம்மா துண்டை உதறினாள். "ஒண்ணும் நடக்காததப் பாக்க மதுரையிலருந்து பஸ்சு ஏறி வர்றாளாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தைத் தேடினால் அது அங்கே இல்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

மேனேஜர் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமே காலையில் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் ஆரம்பித்தேன். நின்றபடியே, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். ஒர்க்‌ஷாப், ஸ்பேர்ஸ், சேல்ஸ் மூன்று பக்கத்திலிருந்தும் ஆள் வர வேண்டும். இன்றைக்குத் தருவதாகச் சொன்ன வண்டி எது, அதற்கு எது குறைகிறது, யார் யாருக்குப் போன் செய்வது. இவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் லோடு வந்ததும் ஸ்பேர்ஸ்காரர் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. "வந்ததும் வராததுமா சோலியப் பாக்காம இது என்னம்மா பள்ளிக்கூடப் பிரேயரு?" என்றார் ஃபோர்மேன் அண்ணன்.

"ஒரு மாசம் பாருங்கண்ணே. சரியில்லன்னா நானே நிறுத்திடுறேன்."

சேல்ஸ் மேனேஜர் வரவே இல்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அவர் விற்ற புது வண்டி ஒன்றுக்கு சீட் கவர் போட்டுத் தருவது எங்கள் வேலை. கவர் வந்து சேராதது கூட்டத்தில் தெரிந்து, வாங்குகிறவருக்கு அன்று காலையே நான் சொல்லிவிட்டேன். அவர் நல்ல நாள் பார்த்து, உறவுக்காரர்களைக் கூட்டி வந்து ஏமாறுவது தப்பியது. மறுநாள் சேல்ஸ் மேனேஜர் டீ கிளாசோடு கூட்டத்தில் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டோம்.

மதிப்பீட்டாளர் திரும்ப வந்தது மழைக்காலத்தில். மலையில் மேகம் இறங்கி போடிமெட்டே தெரியவில்லை. மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை அதிகம். காலைக் கூட்டத்தில் அவரும் ஓரமாக நின்றார். ஒரு வண்டிக்கு வைப்பர் மோட்டார் வராதது தெரிந்தது. உடனே வண்டிக்காரருக்குப் போன் போனது. அவர் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. வண்டிகள் வந்தன, போயின. குரல் உயரவில்லை. யாரும் ஓடவில்லை.

மத்தியானம் ஆக ஆக எனக்குத்தான் பதற்றம். என்னத்தைக் காட்டித் தேறுவது? ஏதாவது ஒரு சின்னச் சண்டையாவது வந்தால் சமாளித்துக் காட்டலாமே என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் டீ குடித்தார், மழையைப் பார்த்தார், இரண்டு தடவை கொட்டாவி விட்டார்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இவ்வளவு போரடிச்ச ஒர்க்‌ஷாப்ப நான் பாத்ததே இல்ல" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தேறிட்டீங்க."

ஃபோர்மேன் அண்ணன் கையில் இருந்த கிரீசைத் துடைத்தபடி தூரத்தில் நின்று புருவத்தை உயர்த்தினார். ஆமென்று தலையாட்டினேன். உடனே உள்ளே திரும்பி ஏதோ சத்தமாகச் சொன்னார். அடுத்த நொடி ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை வண்டியிலும் ஹாரன் அடித்தார்கள். காது கிழிந்தது. காத்திருந்த வாடிக்கையாளர்கள் பயந்து எழுந்தார்கள். மேனேஜராகப் போகிறவள் அதைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

கொஞ்ச நாளில் மேனேஜர் வேலைக்கான உத்தரவும் வந்தது. சான்றிதழ் இப்போது வீட்டில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர்தான் முதலில் காட்டுவார்.

போன மாதம் கம்பெனியில் இன்னொரு கிளையிலிருந்து நாலைந்து பேரை எங்கள் காலைக் கூட்டத்தைப் பார்க்க அனுப்பினார்கள். நான் விளக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஃபோர்மேன் அண்ணன் முன்னால் போய் நின்றுகொண்டார். "யாரும் யாரையும் குத்தஞ்சொல்லக் கூடாது. எது வரல, யாருக்குச் சொல்லணும், அம்புட்டுத்தான். டீ ஆறுறதுக்குள்ள வெரசா முடிச்சிரணும்." பக்கத்தில் சேல்ஸ் மேனேஜர், "முதல்ல எனக்கும் இது பிடிக்கலை" என்று ஆரம்பித்துத் தன் பங்கைச் சொன்னார். வந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரையும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பின்னால் நின்று என் டீயைக் குடித்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலையில் எனக்கு இருந்த பெருமை வேறு எதிலும் இருந்ததில்லை.