மாடி பஸ்ஸின் முன்வரிசை

திருநகரிலிருந்து மதுரைக்குள் போன மாடி பஸ்ஸுக்கு உடம்பெல்லாம் சிவப்பு. இரண்டு தட்டுகளுக்கும் நடுவே பாலாடை நிறத்தில் அகலமான ஒரு பட்டை. தூரத்து மரங்களுக்கிடையே முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டைதான். அதைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்பார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எழுமலைப் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, படித்து, மதுரையில் நர்ஸ் வேலைக்கு வந்தவர். என்னையும் படிக்கவைக்கத் தன்னோடு வைத்திருந்தார். அவர் வேலைக்கும் நான் பள்ளிக்கும் ஒரே பஸ்ஸில் போவோம். மேல்தட்டில், முன்கண்ணாடியை ஒட்டிய இருக்கைதான் அவருக்கு வேண்டும். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் பெரியவீட்டுக்காரர்கள் ஏறினால் எங்கள் ஆட்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள்.  இங்கே அத்தை முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி வருவார்.

ஒரு நாள் காலையில் அந்தப் பெரியவீட்டுக்காரர்களில் ஒருவரே விருந்தாளிகளோடு மாடிக்கு ஏறி வந்தார். என் தாத்தா வேலை பார்த்தது அவர் புஞ்சைக் காட்டில்தான்.

"நம்ம காட்டுல களையெடுக்குறவன் மகதானே நீ? எந்திரி. விருந்தாளுக உக்காரட்டும்."

அத்தை என் தோள்மேல் இருந்த கையை எடுக்காமலே அவரை நிமிர்ந்து பார்த்தார். 

"இது உங்க காடு இல்லண்ணே, பஸ்ஸு. பின்னால எம்புட்டோ எடம் கெடக்கு, உக்காருங்க."

ஊரில் எங்கள் ஆட்கள் அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த 'அண்ணே'தான் அவரை அதிகம் சுட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் விருந்தாளிகளோடு கீழே இறங்கிப் போனார்.

அந்த வாரமே, பஸ்ஸில் நடந்ததைச் சொல்லித் தாத்தாவை இனிமேல் காட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு துணிமூட்டையோடு திருநகருக்கு வந்து சேர்ந்தார். அத்தை வாசலிலேயே அழுதுவிட்டார். "என்னாலதானய்யா?"  அத்தை கொடுத்த தண்ணீரைத் தாத்தா குடித்து முடித்தார்.

"அது எந்த சீட்டும்மா? என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டு."

மறுநாள் மூவரும் போனோம். பஸ்ஸின் படியில் ஏறும்போதே தாத்தா பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தை அதை வாங்கி, மாடிக்குப் போனதும் அவர் காலடியில் வைத்தார். "போட்டுக்கங்கய்யா." போட்டுக்கொண்டார். ஆனால் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது தடுமாறி, அந்த முன்வரிசை இருக்கையில் விழுந்தாற்போல உட்கார்ந்தார். பிறகு வழியில் எங்கேயும் எழுந்திருக்கவே இல்லை.

தாத்தா ஊருக்குத் திரும்பவும் இல்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் காவலுக்கு இருந்து, திருநகரிலேயே கண்ணை மூடினார். பிறந்த ஊரில் தன்னை அடக்கம் செய்யவில்லையே என்ற குறை அவருக்கு இருந்திருக்குமோ என்று அத்தை இன்றைக்கும் வருந்துகிறார். அந்தப் பஸ்களுக்குப் பின்னாளில் பச்சை அடித்தார்கள். அப்புறம் அவையும் நின்றுபோயின. இப்போது அந்தச் சாலையில் கண்ணாடி மூடிய பஸ்கள் போகின்றன. முழங்கால் வலிக்கும் அத்தையைப் படி ஏற்றிவிடுவது நான்தான். ஏறியதும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அப்போதெல்லாம் தாத்தாவின் அந்த முதல் பயணம் எனக்கு நினைவுக்கு வரும்.

அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நானும் அத்தையும் எழுந்தும் தாத்தா மட்டும் அசையவில்லை. கண்டக்டர் மேலே வந்து பார்த்தார்.

"பெரியவரே, எடம் வந்துருச்சு. எறங்கலயா?"

தாத்தா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது திரும்பிப் போகும்ல?"

"போகும்."

"அப்ப நான் இங்கனயே இருக்கேன். டிக்கெட்டக் குடுங்க."