புத்தகத்தில் இல்லாத மீன் பொரியல்

சிவமலர் ரீச்சர் இறந்த செய்தி எனக்குச் சுன்னாகம் சந்தையில், வெங்காயத் தராசுக்கு முன்னால் கிடைத்தது. நிறுத்துக்கொண்டிருந்தவள் நிரோஷா. ரீச்சரிடமும் என்னிடமும் படித்தவள்; இப்போது அந்தக் கடை அவளுடையது. தராசைப் பிடித்த கை பாதியில் நின்றது.

"சேர், சிவமலர் ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டாவாம். கேள்விப்பட்டியளோ?"

இல்லை என்றேன். பிறகு, அரைக் கிலோ போதும் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வாய்த்த வசனம் அதுதான்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் ரீச்சரை அறிந்தவர்கள். ஆசிரியர் அறையில் பத்தொன்பது வருடம் அவருக்கு எதிர்க்கதிரையில் இருந்தவன் நான். அவர் தமிழ், நான் புவியியல். அவருக்கு நான் செய்ததும் உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களும் அறியட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் வாசிப்புக்கு உரியது. மற்ற ஆசிரியர்கள் அதில் பரீட்சைக் குறிப்புச் சொல்வார்கள். ரீச்சர் பத்தாம் வகுப்புக்கு ஒரு பேய் நாவலை வாசித்தார். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டது. வகுப்பு முழுவதற்கும் ஒரே பிரதி. கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்பிள்ளை தன் பழைய வகுப்பின் பின்வரிசை வாங்கில் வந்து இருக்கிறாள். ஒருவருக்கும் அவள் தெரிவதில்லை. இதையெல்லாம் படிப்பிக்கலாமா என்று ரீச்சரிடம் கேட்டேன்.

"பயந்த பிள்ளை அடுத்த பக்கத்தைப் பிரட்டும், மாஸ்டர். உங்கடை பருவக்காத்துக்கு ஆர் பிரட்டுறது?"

கடைசி அத்தியாயம் முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கொடுத்தார். ஒருவர் இறந்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு எட்டுப் படைப்பதென்றால் என்ன வைப்பீர்கள்? யார் எதைச் சொன்னாலும், "புத்தகத்திலை எங்கை கிடக்கு? காட்டு" என்பார். அந்த ஒரு கேள்விக்காக வகுப்பு நாவலை மூன்று முறை வாசித்தது. பாடநூலுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

பதிலை எழுதிவரச் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்கு, எழுது என்றால் எழுத மனம் வராது. ஒரு வெள்ளி படையலையே கொண்டுவந்துவிட்டார்கள். வாழையிலை, பயத்தம் பணியாரம், உருகி வழியும் ஐஸ்பழம், நடுவில் மீன் பொரியல். அது கந்தசஷ்டி விரத காலம். நாலாம் நாள் உபவாசத்தில் இருந்த அதிபர் மணம் பிடித்து வந்தார்.

"ஆருக்கு எட்டு?"

"புத்தகத்திலை செத்த பிள்ளைக்கு, சேர்."

"அது எப்ப செத்தது?"

"முதலாம் அத்தியாயத்திலை, சேர்."

ஒரு பத்திரிகையில் அந்நாளில் வாரந்தோறும் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். இதை விடுவேனா? பெயர்களை மறைத்து எழுதினேன். பணியாரமும் ஐஸ்பழமும் நாவலில் இருக்கின்றன, மீன் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று பிள்ளைகள் வெளியே கதைத்துக்கொண்டார்கள். பேய்க்கு மீன் ஆசை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் பகிடி. ஊர் சிரித்தது. கல்வித் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பத்தியின் நறுக்கைக் கோப்பின் முதல் தாளாக வைத்திருந்தார். என் எழுத்தை அவ்வளவு கவனமாக வேறு எவரும் வாசித்ததில்லை.

"மீன் கொண்டுவந்தது ஆர்?"

"நான்தான் கொண்டுவரச் சொன்னனான்" என்றார், வீட்டுக் குசினிக்குள் முட்டைகூட எடுக்காத ரீச்சர்.

"நீங்கள் சைவமல்லோ?"

"ஓம். பேய் சைவமில்லை."

வாசிப்பு வகுப்பை நிறுத்தினார்கள். அவருக்கு மயிலிட்டிப் பக்கம் மாற்றம் வந்தது; இரண்டு பஸ் ஏற வேண்டும். வீம்பு பிடித்த மனுசி என்று நினைத்தேன். போகிற அன்று குடையை எடுத்துக்கொண்டு என் மேசையடியில் நின்றார்.

"எழுத்து வடிவாய்த்தான் இருந்தது, மாஸ்டர். ஆனால் நாவலை நீங்கள் வாசிக்கேல்லை."

வாசித்திருக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். கலியாண வீடுகளில் பிறகும் பலமுறை கண்டேன். அவர் சுகம் விசாரிப்பார், நான் மழையைப் பற்றிச் சொல்வேன்.

சந்தையில் நிரோஷா வெங்காயத்தைப் பையில் கட்டித் தந்தாள். பையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த மீன் நான் கொண்டுவந்தது, சேர். அப்பாவுக்கு."

அவளுடைய தகப்பன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர்.

"அம்மா எட்டுச் செய்ய விடேல்லை. செய்தால் செத்திட்டார் எண்டு நாங்களே ஒத்துக்கொண்டதாப் போயிடும் எண்டவ. இண்டைக்கும் அப்பிடித்தான். நான் மீனை வைக்கப் போக, ரீச்சர் 'எங்கை கிடக்கு, காட்டு' எண்டு கேட்டவ. நான் கீழை பாத்துக்கொண்டு நிண்டன். கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு, 'சரி, வை' எண்டவ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

விசாரணையில் இதைச் சொல்லியிருந்தால் ரீச்சரை விட்டிருப்பார்கள். ஒரு பிள்ளையின் தகப்பனை அந்தக் கோப்புக்குள், என் நறுக்குக்குப் பக்கத்தில், வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

எட்டாம் நாள் வந்தது. ரீச்சருக்குப் பிடித்தது எது என்று விடிந்ததிலிருந்து யோசித்தேன். அவருடைய குடையின் நிறம் தெரியும், கையெழுத்து தெரியும், எந்த இடத்தில் சிரிக்காமல் சிரிப்பார் என்பதும் தெரியும். பத்தொன்பது வருடம் எதிரில் இருந்து என்ன சாப்பிட்டார் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. ரீச்சர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். நிரோஷா எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமையளிலை ரீச்சர் தன்ரையிலை எனக்குப் பாதி தாறவ, சேர்."

பொட்டலத்தில் பாதியை என் கையில் வைத்தாள். எனக்கு அந்த உரிமை இல்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அவள் என்னைப் பார்த்தாள்.

"சரி, வையுங்கோ" என்றாள்.

வைத்தேன். ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொல்தான். அதுவும் அவர் எனக்குச் சொன்னதல்ல.